மேஜை வந்தாச்சு, நாற்காலி எது?

வீடும் பொருளும்: வாசகர் கேள்விகள்

தில்லி வட்டாரத்திலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் ஒரே கவலைதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஆசைப்பட்டு ஒரு நல்ல சாப்பாட்டு மேஜை வாங்கிவிட்டார்கள், அல்லது ஊரிலிருந்து கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கு நாற்காலிதான் அமையவில்லை. கடைக்குப் போவதற்கு முன்னால் எல்லோரும் ஒரு வேலை செய்யுங்கள். அளவு நாடாவோடு மேஜைக்கு அடியில் குனிந்து பாருங்கள். எந்த நாற்காலி பொருந்தும் என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

*

காரைக்குடியில் பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்தபோது எங்கள் பங்குக்கு ஒரு பர்மா தேக்கு மேஜை வந்தது. 7 அடி நீளம், மூன்றரை அடி அகலம், 30 அங்குல உயரம். பலகைக்குக் கீழே நாலு பக்கமும் பூவேலை செய்த சட்டம் ஓடுகிறது. தரையிலிருந்து சட்டத்தின் அடிவிளிம்பு வரை இருபத்து நாலரை அங்குலம். ஆன்லைனில் கை வைத்த நாற்காலி இரண்டு வாங்கிப் பார்த்தோம். கைகள் சட்டத்தில் இடித்து உள்ளே போகவே இல்லை. கால்களை ஒன்றரை அங்குலம் அறுத்துவிடலாம் என்கிறார் மிஸ்திரி. செய்யலாமா? மாமனாருக்கு 78 வயது, எங்களோடுதான் இருக்கிறார். மொத்தம் எட்டு நாற்காலி வேண்டும்.
– வாசகி, மயூர் விஹார்

தயவுசெய்து அறுக்காதீர்கள். கடையில் கிடைக்கும் கை நாற்காலிகளில் உட்காரும் இடம் தரையிலிருந்து 18 அங்குலமும், கை 25 முதல் 27 அங்குலமும் இருக்கும். உங்களுடையது 26 என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை அங்குலம் அறுத்த பிறகு கை இருபத்து நாலரையில் நிற்கும். அதாவது சட்டத்தின் அடிவிளிம்பை உரசிக்கொண்டே நுழையும், நூறு வருஷப் பூவேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும். உட்காரும் இடமோ பதினாறரைக்கு இறங்கிவிடும். மேஜைப் பலகை அங்கிருந்து பதின்மூன்றரை அங்குலம் மேலே நிற்கும். நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். அந்த உயரத்தில் தோளைத் தூக்கிக்கொண்டே சாப்பிட வேண்டிவரும், பத்து நிமிஷத்தில் கழுத்து பிடிக்கும். 78 வயதுக்காரர் பதினாறரையிலிருந்து எழுந்திருப்பதும் பெரும்பாடு.

கணக்கு இரண்டுதான். உட்காரும் இடத்துக்கும் மேஜையின் மேல்பரப்புக்கும் நடுவே 11 முதல் 12 அங்குலம் வேண்டும். உட்காரும் இடத்துக்கும் சட்டத்தின் அடிவிளிம்புக்கும் நடுவே குறைந்தது ஆறரை அங்குலம் வேண்டும், தொடை நுழைய. உங்கள் மேஜையில் 30லிருந்து 12 கழித்தால் 18. இருபத்து நாலரையிலிருந்து ஆறரை கழித்தாலும் 18. இரண்டும் ஒத்துப்போவது உங்கள் அதிர்ஷ்டம். பல பழைய மேஜைகளில் சட்டம் 6 அங்குலம் இறங்கி, இந்த இரண்டு கணக்கும் சண்டை போட்டுக்கொள்ளும். ஆகவே உங்களுக்கு 18 அங்குல நாற்காலி. மெத்தை வைத்ததானால், ஆள் உட்கார்ந்து அமுங்கிய பிறகு 18 வர வேண்டும். 2 அங்குல ஃபோம் அரை அங்குலத்துக்கு மேல் அமுங்கும், அதைச் சேர்த்தே கணக்கிடுங்கள்.

நீளவாட்டில் பக்கத்துக்கு மூன்று, தலைமாட்டில் ஒன்று, எதிர்முனையில் ஒன்று என்று எட்டு. பக்கத்தில் போடும் ஆறும் கை இல்லாதவையாக இருக்கட்டும். மேஜையின் நீளம் 84 அங்குலம் என்றாலும் நாற்காலிக்கு உதவுவது இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள இடம் மட்டுமே. கால்கள் 4 அங்குலத் தடிமன், ஓரத்திலிருந்து 2 அங்குலம் உள்ளே தள்ளி நிற்கின்றன என்றால் நடுவே 72 அங்குலம் இருக்கும். 20 அங்குல அகல நாற்காலி மூன்று போட்டால் 60, மீதி 12. நாலு இடைவெளிக்கும் மூன்று மூன்று அங்குலம் கிடைக்கிறது, போதும். 22 அங்குல நாற்காலி என்றால் இடைவெளி ஒன்றரைதான், நடுவில் இருப்பவர் எழுந்திருக்க மற்ற இருவரும் நகர வேண்டும். அகலத்தை அளக்கும்போது உட்காரும் இடத்தை மட்டும் அளந்துவிட்டு வந்துவிடாதீர்கள். சில நாற்காலிகளில் முதுகின் மேல்கட்டை அதைவிட அகலம், சிலவற்றில் பின்கால்கள் விரிந்து நிற்கும். எது அதிகமோ அதுதான் உங்கள் அளவு.

மாமனாருக்குத் தலைமாட்டு இடத்தில் கை நாற்காலி. அது மேஜைக்குள் போகாது, போகவும் வேண்டாம். ஆனால் கை சட்டத்தில் வந்து முட்டாமல் இருக்க, கையின் முன்முனை உட்காரும் இடத்தின் முன்விளிம்பிலிருந்து 2 அங்குலம் பின்தள்ளி இருக்க வேண்டும். அதற்கு மேல் பின்தள்ளினால் ஊன்றி எழுந்திருக்க உதவாது. 4, 5 அங்குலம் பின்வாங்கிய அழகான கைகள் நிறைய வருகின்றன, முதியவருக்கு அவை வேண்டாம். மெத்தை இறுக்கமாக இருக்கட்டும். ஆழம் 16 முதல் 17 அங்குலத்துக்குள் இருந்தால்தான் முதுகு சாயும்போது முழங்காலின் பின்பக்கம் இடிக்காது. வாங்கிவிட்ட இரண்டு நாற்காலிகளும் இந்த அளவுக்கு வந்தால் இரண்டு முனைக்கும் அவற்றையே வைத்துக்கொள்ளலாம்.

இனி தோற்றம். உங்கள் மேஜையின் அழகு சட்டத்தில் இருக்கிறது, பலகையில் அல்ல. கூடத்திலிருந்து பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது ஆறு நாற்காலிகளின் முதுகு. அது மெத்தை தைத்த அடைப்பு முதுகாக இருந்தால் சட்டத்தைப் பார்க்கவே வழியில்லை. திறந்த முதுகாக, இரண்டு குறுக்குக்கட்டை அல்லது நாலைந்து செங்குத்துச் சட்டம் வைத்ததாகப் பாருங்கள். முதுகின் உச்சி 33, 34 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம்.

நிறத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய பர்மா தேக்கு பல பத்தாண்டு வெளிச்சமும் பாலிஷும் குடித்து ஆழ்ந்த தேன் நிறத்துக்கு வந்திருக்கும். கீர்த்தி நகர் மரச்சாமான் சந்தையில் புதிதாகச் செய்யும் சி.பி. தேக்கு (மத்திய இந்தியத் தேக்கு) நாற்காலி வெளிர் மஞ்சளாக இருக்கும். 'ஸ்டெயின் போட்டு அச்சு அசலாகக் கொண்டுவந்துவிடலாம்' என்பார்கள். போட்ட அன்று ஒத்துப்போகும். புதுத் தேக்கு அடுத்த சில மாதங்களில் வெளிச்சம் பட்டு மேலும் கருக்கும், ஸ்டெயின் அதன் போக்கில் மாறும். ஒரு வருஷத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும், கண்ணுக்கு அதைவிடத் தொந்தரவு வேறில்லை. ஒன்று, அமர் காலனியின் பழைய மரச்சாமான் கடைகளில் பழைய தேக்கு நாற்காலிகள் தேடுங்கள். ஆறு ஒன்றுபோலக் கிடைக்க நாலைந்து நடை ஆகலாம். இல்லையென்றால் ஒத்துப்போகவே முயலாத நிறம்: கறுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் அடர்பழுப்பு. எங்கள் ஓட்டு இரண்டாவதற்கு. தேன் நிற மேஜை அப்போதுதான் தனித்து ஒளிரும்.

வாங்கும் முன் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். நாலு மூலையிலும் முக்கோணக் கட்டை, பசையும் திருகும் போட்டு நிற்க வேண்டும். பக்கச்சட்டம் பின்காலில் சேரும் இடம்தான் நாற்காலியின் உயிர்நிலை, சாயும்போது முழுப் பாரமும் அங்கேதான் விழுகிறது. அங்கே ஒரு கட்டையில் துளையும் மறு கட்டையில் நாக்கும் செதுக்கிப் பொருத்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள். தில்லி மிஸ்திரிகள் இதைச் 'சூல்' என்பார்கள். நாக்கு ஒரு அங்குலமாவது உள்ளே போயிருக்க வேண்டும். பின்கால் வளைந்திருந்தால் மரத்தின் ரேகையைக் கவனியுங்கள். ரேகை காலின் நீளத்தோடு ஓட வேண்டும். வளைவில் அது காலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வெளியேறினால், எவ்வளவு உசத்தி மரமானாலும் ஒருநாள் அந்த இடத்தில்தான் முறியும். வெளிறிய வெள்ளைக் கட்டை கலந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வண்டு உளுக்க வைப்பது அதைத்தான். வைரம் பாய்ந்த தேக்கை அது அவ்வளவாக அண்டாது.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறோம். காரைக்குடிக் காற்றில் இருந்த பலகை தில்லியின் ஜூன் மாத 'லூ' என்னும் வறண்ட அனல் காற்றில் சுருங்கும். பலகை இணைப்புகளில் கோடுபோல இடைவெளி தெரிந்தால் பட்டி வைத்து அடைக்காதீர்கள். ஆகஸ்ட் ஈரத்தில் மரம் தானே விரிந்து சேரும். அடைத்து வைத்தால் விரிய இடமில்லாமல் பலகை வளையும்.

*

4 அடி விட்டத்தில் வட்டமான மக்ரானா மார்பிள் மேஜை, நடுவில் ஒற்றைத் தண்டு, கீழே வட்ட அடித்தட்டு. ஆறு பேர் உட்காரலாம் என்று கடையில் சொன்னார்கள். 18 அங்குல நாற்காலி ஆறு வாங்கினோம். சாப்பிட உட்காரலாம், ஆனால் எழுந்த பிறகு நாற்காலிகளை உள்ளே தள்ளவே முடியவில்லை. குறை நாற்காலியிலா, மேஜையிலா?
– வாசகர், துவாரகா

இரண்டிலும் இல்லை, எண்ணிக்கையில்தான். வட்ட மேஜையில் எல்லோரும் வெளிச்சுற்றை அளந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். 48 அங்குல விட்டத்துக்குச் சுற்றளவு ஏறக்குறைய 150 அங்குலம். ஆளுக்கு 24 என்றால் ஆறு பேர் சரிதான். ஆனால் நாற்காலி உள்ளே போகப் போக வட்டம் சிறுக்கிறது. 18 அங்குல முன்விளிம்பு கொண்ட ஆறு நாற்காலிகள், மையத்திலிருந்து பதினைந்தரை அங்குலத்துக்கு வரும்போதே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். மேஜையின் ஆரம் 24. ஆகவே எட்டரை அங்குலம்தான் உள்ளே போகும், மீதி ஓர் அடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

ஐந்து நாற்காலி என்றால் பதினொன்றரை அங்குலம் வரை உள்ளே போகும். நாலு என்றால் நாற்காலிகள் முட்டுவதற்கு முன் முன்கால்கள் அடித்தட்டில் ஏறிவிடும். உங்கள் அடித்தட்டு 24 அங்குல விட்டம் என்று வைத்துக்கொண்டால் 12 அங்குலத்தில் அது நிறுத்திவிடும். அடித்தட்டின் ஓரம் தரையிலிருந்து எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். ஒரு அங்குலம் இருந்தாலே முன்கால் ஏறி நாற்காலி பின்னால் சாயும்.

அன்றாடத்துக்கு நாலு போடுங்கள். மீதி இரண்டைச் சுவரோரமோ படுக்கையறையிலோ வைத்து, ஆள் வரும்போது எடுங்கள். ஆறும் எப்போதும் வேண்டும் என்றால் முன்பக்கம் 16 அங்குலத்துக்குக் குறுகும் நாற்காலிகளாக மாற்றுங்கள், 10 அங்குலம் உள்ளே போகும். வட்ட இருக்கை கொண்ட வளைமர நாற்காலி இதற்கு மிகப் பொருத்தம். வியன்னாவின் தோனெட் நிறுவனம் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலிதான் இந்த வகையின் மூலம். ஆவியில் வளைத்த 6 மரத்துண்டு, 10 திருகு, 2 நட்டு, அவ்வளவே. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலி அடங்கும் என்பதால் உலகமெல்லாம் போனது. மெலிந்த வளைமரமும் கனத்த வெள்ளைக் கல்லும் ஒன்றையொன்று எடுத்துக்கொடுக்கும். திருகில் நிற்கும் நாற்காலி என்பதால் தில்லியில் வருஷத்துக்கு இரண்டு முறை, ஜூனிலும் அக்டோபரிலும், திருகுகளை இறுக்கிவிடுங்கள்.

கை நாற்காலி மட்டும் இந்த மேஜைக்கு வேண்டாம். கையின் முனை மார்பிள் விளிம்பில் தினம் இடித்தால் விளிம்பு சில்லுசில்லாகப் பெயரும்.

*

அதே மாதிரி மார்பிள் மேஜைதான் எங்களுடையதும். ரசம் சிந்திய இடமெல்லாம் மங்கலாகிவிட்டது. பாலிஷ் போனதா, கறையா?
– வாசகி, ரோஹிணி

கறை இல்லை. மார்பிள் என்பது சுண்ணாம்புக் கல்லின் இனம். புளி, எலுமிச்சை, தயிர் எது பட்டாலும் அமிலம் மேல்பரப்பை அரித்துப் பளபளப்பை எடுத்துவிடும். துடைத்தால் போகாது, கல் மெருகு போடுகிறவரை அழைத்து மறுபடி மெருகேற்ற வேண்டும். சீலர் பூசுவது மஞ்சள், எண்ணெய்க் கறை இறங்குவதைத் தாமதிக்கும், புளியின் அரிப்பைத் தடுக்காது. இனிமேல் தட்டுக்கு அடியில் விரிப்பு போடுவதுதான் வழி.

*

ஓரம் அறுக்காமல் மரத்தின் இயற்கை வளைவோடு விட்ட ஒற்றைப் பலகை மேஜை வாங்கினோம். 6 அடி நீளம், இரண்டரை அங்குலத் தடிமன், கறுப்பு இரும்புக் கால். பக்கத்துக்கு மூன்று நாற்காலி போட ஆசை. அதே மரத்தில் நாற்காலி செய்யச் சொல்லலாமா?
– வாசகர், நொய்டா

அதே மரம் வேண்டாம். இப்படிப்பட்ட பலகையின் மதிப்பே அது ஒன்றே ஒன்று என்பதில் இருக்கிறது. ஆறு முறை கீழே திரும்பவும் அதையே வைத்தால் பலகை சாதாரணமாகிவிடும். மரம் நிறைய இருக்கும் மேஜைக்கு மரம் குறைவான நாற்காலி: கறுப்பு இரும்புச் சட்டம், ஒரே நிறத் துணி அல்லது தோல், கோடு இல்லாத முதுகு. இரும்புச் சட்டத்தின் தடிமன் மேஜைக் காலை விட மெலிந்திருக்கட்டும்.

பக்கத்துக்கு மூன்று வராது. இரும்புக் கால்கள் வழக்கமாக முனையிலிருந்து 10 அங்குலம் உள்ளே தள்ளி நிற்கும். 72இல் 20 போய், கால்களின் தடிமனும் போனால் நடுவே 46 அங்குலம். 20 அங்குல நாற்காலி இரண்டுக்குத்தான் அது. மூன்றாவது ஆள் காலை இரும்பின் இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். மூன்று பேர் கட்டாயம் என்றால் ஒரு பக்கம் பெஞ்சு போடுங்கள். 42 அங்குல நீளம், 14 அங்குல ஆழம், பதினேழரை முதல் 18 அங்குல உயரம். குழந்தைகள் மூவர் தாராளமாக உட்காருவார்கள். பெரியவர்களை அதில் உட்கார வைக்காதீர்கள், முதுகுக்குச் சாய்வு இல்லாமல் அரை மணி நேரம் அவர்களுக்குக் கஷ்டம்.

உங்களுக்கு ஒரு வசதி உண்டு. இந்த மேஜைகளில் கீழே சட்டம் இல்லை. மேஜை உயரம் 30 என்றால் பலகையின் அடி இருபத்து ஏழரை. 26 அங்குலக் கை நாற்காலி உள்ளே போய்விடும். மயூர் விஹார் வாசகிக்கு மறுத்தது உங்களுக்குக் கிடைக்கிறது. ஆனால் பலகையின் அடியில் வளையாமல் இருக்க இரும்புப் பட்டை பதித்திருக்கிறார்களா, அது கீழே துருத்துகிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். அகலத்தையும் மூன்று இடங்களில் அளந்து, குறுகலான இடம் 34 அங்குலத்துக்குக் கீழே போனால் அந்த இடத்தில் எதிரெதிரே ஆள் வைக்காதீர்கள், தட்டும் தட்டும் முட்டும்.

*

சண்டிகர் மாதிரி பிரம்பு நாற்காலி ஆறு கீர்த்தி நகரில் வாங்கினோம். ஒரு கோடையிலேயே இரண்டில் பிரம்பு தொய்ந்துவிட்டது, ஒன்றில் ஓரம் முறிந்துவிட்டது. பிரம்பு தில்லிக்கு ஆகாதா?
– வாசகர், ஆர்.கே. புரம்

ஆகும். அந்த வடிவமே இந்த வட்டாரத்து வெயிலில் பிறந்ததுதான். சண்டிகரைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் லெ கார்புசியேயின் உறவினரான பியேர் ஜான்னரே, 1950களில் சண்டிகர் அரசு அலுவலகங்களுக்காகத் தேக்கும் பிரம்பும் சேர்த்துச் செய்யவைத்தவை அவை. காற்றோட்டத்துக்குப் பிரம்பைப் போல வேறு எதுவும் இல்லை. அதற்குத் தண்ணீர் காட்ட வேண்டும், அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

பிரம்பு ஒரு கொடியின் மேல்தோல். மே, ஜூனில் காற்று வறண்டால் அதில் உள்ள ஈரம் போய் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். அப்போது யாராவது முழங்காலை ஊன்றி ஏறினால் மரச்சட்டத்தின் ஓரத்தில் முறியும். ஏப்ரல் முதல் ஜூன் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கம் தண்ணீரைத் தெளித்துவிடுங்கள். மேல்பக்கம் வார்னிஷ் பூசியிருக்கும், ஈரம் ஏறாது.

தொய்ந்ததற்கு வைத்தியம்: வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அடிப்பக்கம் அரை மணி நேரம் பரப்பி வையுங்கள். பிறகு நிழலில் ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள், அதுவரை யாரும் உட்காரக் கூடாது. உலரும்போது பிரம்பு இறுகித் தட்டினால் சத்தம் கேட்கும் அளவுக்கு வரும். வெயிலில் வைத்தால் வேகமாகக் காய்ந்து மறுபடி வெடிக்கும். முறிந்ததை ஒட்டவைக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். சுற்றிலும் ஒரு பள்ளம் வெட்டி அதில் மெல்லிய கழியை அழுத்திப் பிரம்புத் தாளைப் பிடித்திருந்தால் மாற்றுவது சின்ன வேலை. வரிசையாகத் துளையிட்டு இழை இழையாகப் பின்னியிருந்தால் நாளும் கூலியும் அதிகம் ஆகும். ஆனால் உழைப்பதும் அதுதான்.

பிளாஸ்டிக் பிரம்பு என்ற சந்தேகம் இருந்தால் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அசல் உறிஞ்சிக் கறுக்கும். பிளாஸ்டிக்கில் முத்தாக நிற்கும்.

*

வெள்ளை நிறச் சுருள்துணி போட்ட நாற்காலிகள் எங்கள் கண்ணாடி மேஜைக்கு அழகாக இருக்கின்றன. வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள். வாங்கலாமா?
– வாசகி, குருகிராம்

சாம்பார் சாதம் சாப்பிடும் வீட்டில் வெள்ளைச் சுருள்துணி வேண்டாம். பருக்கையும் எண்ணெயும் சுருளுக்குள் போய்விடும், துடைத்தால் இன்னும் உள்ளே இறங்கும். மஞ்சள் பட்ட இடத்தில் சோப்புப் போட்டால் உடனே சிவக்கும், பலர் பயந்துபோவது அப்போதுதான். சோப்பின் காரத்துக்கு மஞ்சள் நிறம் மாறுகிறது, அலசினால் சிவப்பு போய்விடும். மீதி மஞ்சளை வெயில் எடுத்துவிடும், ஆனால் வெயிலில் போட வேண்டுமென்றால் துணி கழற்ற வருகிறதாக இருக்க வேண்டும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, இருக்கை அடியிலிருந்து நாலு திருகைக் கழற்றினால் தனியாக வருகிறதா என்பது. அப்படி இருந்தால் எந்தத் துணியையும் இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

துணி நெருக்கமான நெசவாக, கடுகு, துரு, அடர்பச்சை போன்ற நிறத்தில் இருக்கட்டும். உரசல் சோதனையான மார்ட்டின்டேல் எண் 20,000க்கு மேல் இருக்கிறதா என்று கேளுங்கள், துணிக் கடைகளில் மாதிரிப் புத்தகத்தின் பின்பக்கம் அச்சிட்டிருப்பார்கள். உள்ளே, அழுத்தினால் சட்டென்று மீளும் 40 அடர்த்தி எச்.ஆர். ஃபோம் 2 அங்குலம், அதன் கீழே 12 மி.மீ. பிளைவுட், காற்றுப் போக நாலைந்து துளை. அடர்த்தி குறைந்த ஃபோமில் சீக்கிரமே குழி விழும், உட்காரும் உயரமும் அதோடு இறங்கும்.

தோல் போன்ற ரெக்சின் துடைக்கச் சுலபம். ஆனால் அதிலும் இரண்டு வகை உண்டு. பி.யு. பூச்சுள்ளது மிருதுவாக இருக்கும், ஈரக்காற்றிலும் வியர்வையிலும் சில வருஷத்தில் செதில் செதிலாக உரியும். பி.வி.சி. உழைக்கும், கோடையில் ஒட்டும். குழந்தைகள் வளரும் வரை பி.வி.சி. பரவாயில்லை என்போம்.

*

எங்கள் சாப்பாட்டு அறை 9 அடிக்கு 10 அடி. 6 அடிக்கு 3 அடி மேஜை போதுமா, பெரிதா?
– வாசகர், கரோல் பாக்

போதும், ஆனால் அதற்கு மேல் வேண்டாம். 9 அடி என்பது 108 அங்குலம். மேஜை 36 போனால் பக்கத்துக்கு 36. ஆள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்க அது போதும். அந்தப் பக்கம் சமையலறைக்கு நடைபாதையும் என்றால் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் போக 42 அங்குலமாவது வேண்டும். மேஜையை 6 அங்குலம் மறுபக்கம் நகர்த்தி, அங்கே கை இல்லாத, ஒட்டுமொத்த ஆழம் 20 அங்குலத்துக்குள் அடங்கும் நாற்காலிகளைப் போடுங்கள். வாங்கும் முன் தரையில் செய்தித்தாளை மேஜை அளவுக்கு ஒட்டி இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள்.

*

எட்டு நாற்காலியும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமா? வீட்டில் இருக்கும் பழையவற்றைக் கலந்து போடலாமா?
– வாசகி, வசந்த் குஞ்ச்

கலக்கலாம். உட்காரும் உயரம் மட்டும் எல்லாவற்றுக்கும் அரை அங்குலத்துக்குள் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் குட்டையாகவும் ஒருவர் நெட்டையாகவும் தெரிவார்கள். மரமோ, நிறமோ, துணியோ ஏதாவது ஒன்று எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கட்டும்.

*

ஷீஷம் மரத்து நாற்காலிகள், வாங்கி ஒன்றரை வருஷம்தான். இந்த ஜூனில் மூன்று ஆட்டம் கொடுக்க ஆரம்பித்துவிட்டன. ஆணி அடித்துத் தரட்டுமா என்று கேட்கிறார் மிஸ்திரி.
– வாசகர், லட்சுமி நகர்

ஆணி அடித்தால் அந்த நாற்காலியின் கதை முடிந்தது. ஆணி மரத்தைப் பிளக்கும், கொஞ்ச நாளில் துளையைப் பெரிதாக்கி அதுவும் ஆடும், பிறகு சரிசெய்யப் பிரிக்கவும் முடியாது.

நடந்தது இதுதான். மழைக்காலத்தில் நாக்கு ஊதித் துளைக்குள் நெரிபட்டது. சுற்றிலும் இடம் இல்லாததால் அதன் நார்கள் நசுங்கின. கோடையில் சுருங்கியபோது பழைய அளவுக்கும் கீழே போய்விட்டது. அதற்குள் பசையும் விட்டுவிட்டது. மரத்தைச் சரியாக உலர்த்தாமல் செய்த நாற்காலியில் இது முதல் கோடையிலேயே நடக்கும்.

வேலையைப் பிப்ரவரி, மார்ச்சிலோ அக்டோபர், நவம்பரிலோ வைத்துக்கொள்ளுங்கள். மரம் அப்போது நடுத்தர ஈரத்தில் இருக்கும். அதுவரை அந்த மூன்றிலும் உட்கார வேண்டாம், ஆட ஆட நாக்கு தேயும். முதலில் எந்தக் கட்டை எங்கே என்று சாக்பீஸால் எண் போடுங்கள், ஒரே மாதிரி தெரியும் கட்டைகள் ஒரே அளவில் இருக்காது. மூலைக் கட்டையின் திருகுகளைக் கழற்றி, ரப்பர் சுத்தியால் இணைப்புக்குப் பக்கத்தில் தட்டிப் பிரியுங்கள். இறுக்கமாக நிற்கும் இணைப்பை வலிந்து பிரிக்க வேண்டாம். பிறகுதான் முக்கியமான வேலை: நாக்கிலும் துளையிலும் உள்ள பழைய பசை முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். காய்ந்த பசைமேல் புதுப் பசை பிடிக்காது. சரிசெய்த நாற்காலி ஆறு மாதத்தில் மறுபடி ஆடுவது பெரும்பாலும் இதனால்தான். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், நாக்கு இன்னும் மெலியும். உளியின் விளிம்பால் சுரண்டுங்கள்.

பசை போடாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். நாக்கு தொளதொளவென்று இருந்தால் இழைப்புச் சீவலை அதன் கன்னத்தில் ஒட்டி, உலர்ந்தபின் இறுக்கமாக நுழையும் அளவுக்குச் சீவுங்கள். பசை இடைவெளியை நிரப்பாது, மரமும் மரமும் தொட்டால்தான் பிடிக்கும். ஃபெவிகால் வகையில் ஈரம் தாங்கும் ரகத்தை இரண்டு பக்கமும் பூசிச் சேருங்கள். கிளாம்ப் இல்லையென்றால் சணல் கயிற்றை நாற்காலியைச் சுற்றி இரண்டு சுற்றுக் கட்டி, நடுவே ஒரு குச்சி விட்டு முறுக்குங்கள். கயிறு படும் இடத்தில் அட்டை வையுங்கள். சமதரையில் நிறுத்தி, இருக்கைச் சட்டத்தின் மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். வித்தியாசம் இருந்தால் பசை காய்வதற்குள் அழுத்திச் சரிசெய்துவிடுங்கள். 24 மணி நேரம் தொடக் கூடாது. மூலைக் கட்டைகளைக் கடைசியில் பசையும் திருகும் போட்டு மாட்டுங்கள்.

நாற்காலி கவிழ்ந்து கிடக்கும்போதே கால்களின் அடியையும் பாருங்கள். தினமும் தரை துடைக்கும் வீட்டில் காலின் வெட்டுமுனை தண்ணீரை உறிஞ்சிக் கறுத்திருக்கும். நன்றாக உலரவிட்டு மெலமைனோ பி.யு. பாலிஷோ இரண்டு கை பூசி, நைலான் புஷ் அடித்துவிடுங்கள். ஒட்டும் கம்பளித் துண்டு டைல்ஸ் தரையில் ஈரம் பட்டு ஒரு மாதத்தில் கழன்றுவிடும். புஷ் உயரத்தைக் கால் அங்குலம் கூட்டும், நாலு காலுக்கும் ஒரே அளவில் போட்டால் போதும்.